கேட்காதவருக்கே போனஸ்

செங்கல்பட்டுப் பக்கம் தார்ப்பாய் மூடாத டிப்பர் லாரிக்குப் பின்னால் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு ஜல்லி பறந்து வந்து ‘டப்’பென்று அடிக்கும், முன் கண்ணாடியில் மிளகளவு புள்ளி. மறுநாள் வெயிலில் நிறுத்தி எடுத்து ஏசி போட்டால் அது ஒரு முழம் ஓடியிருக்கும். லாரியின் நம்பர் பிளேட்டில் அப்பியிருக்கும் சேறு எத்தனை செக்போஸ்ட் தாண்டினாலும் எந்த அதிகாரி கண்ணிலும் படாது. படாமலிருக்க ஆக வேண்டியது ஆகியிருக்கும்.

ஆக, தண்டம் உங்களுக்கு. அதனாலென்ன, ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி இருக்கிறதே! சர்வேயர் வருவார். விரிசலைச் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பார்.

“கல்லு எங்க சார்?”

அடுத்த முறை லாரியை விரட்டிப் பிடித்து, கல்லை வாங்கி, நோட்டரியிடம் கையெழுத்தும் போட்டு வையுங்கள்.

“பழைய விரிசல் மாதிரி தெரியுதே?”

பாலிசி விற்றபோது “எதுன்னாலும் ஒரு போன் போடுங்க சார்” என்ற ஏஜென்ட் இப்போது தொடர்பு எல்லைக்கு வெளியே.

கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், உண்மை. ஆனால் 1,500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கைக்காசு. கண்ணாடியை ஒட்டும் பசை ‘கன்ஸ்யூமபிள்’ கணக்கில் போகும். அதற்குத் தனி ஆட்-ஆன். பசையில்லாமல் கண்ணாடி எப்படி நிற்கும் என்றெல்லாம் கேட்கப்படாது. பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போயிற்று. உரித்தால் உதவாதபடி செய்யப்பட்ட பொருள் அது. புதியது வரும்வரை சுங்கச்சாவடியில் ரொக்கமென்றால் இரட்டைக் கட்டணம்.

இதெல்லாம் சில்லறை. பெரிய வேட்டை ‘நோ க்ளெய்ம் போனஸ்’. ஒரு பேச்சுக்கு, உங்கள் ‘ஓன் டேமேஜ்’ பிரீமியம் 10,000 ரூபாய். 5 வருடம் வாய் திறக்காமலிருந்து 50 சதவீதத் தள்ளுபடி சம்பாதித்திருக்கிறீர்கள். கண்ணாடிக்கு 7,000 ஆகிறது. அவர்கள் தருவது 6,000. அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45 என்று மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். பிரீமியம் அப்படியே இருந்தால், பழையபடி 50ஐத் தொடுவதற்குள் நீங்கள் இழப்பது 12,500 ரூபாய். ஆறாயிரத்தைக் கொடுத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைக் கறக்கும் தொழிலைத் தெருமுனையில் ஒருவர் செய்தால் அவர் கந்துவட்டிக்காரர். அவரைப் பிடித்து உள்ளே வைக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. இவர்களோ டை கட்டியிருக்கிறார்கள்.

விவரம் தெரிந்த சர்வீஸ் சென்டர்காரரே காதோடு சொல்வார்: “க்ளெய்ம் போடாதீங்க சார், கையிலிருந்தே கட்டிடுங்க.” வருடா வருடம் பணம் கட்டி வாங்கிய பாதுகாப்பை, ஆபத்து வரும்போது தொடாமலிருப்பதே புத்திசாலித்தனமாம்!

இந்த வயிற்றெரிச்சலுக்கும் மருந்து விற்கிறார்கள். ‘என்சிபி புரொடெக்ட்’ என்றொரு ஆட்-ஆன். பணம் கேட்காதவனுக்குக் கொடுத்த பரிசை, கேட்டுவிட்டால் பிடுங்காமலிருக்கத் தனிக் காசு. அந்தக் காசுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.