ஒரு கணு போதும்

நாட்றம்பள்ளியில் வீடு கட்டிக் குடிவந்தால் ஆறு மாதத்துக்குள் அவர் வந்துவிடுவார். தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார். கேட்டில் நின்று "சார் இருக்காரா?" என்று கேட்கும்போதே கண் நம் பூப்பாத்தியை மேயும். கையில் ஈரக் காகிதத்தில் சுற்றிய கொடித்துண்டு ஒன்று இருக்கும்.

"இன்னா சார், கனகாம்பரத்த வெச்சுட்டு மண்ண சும்மா உட்டுக்கீறீங்க? ஒரு கணு போதும், மூடிடும்."

எங்கள் தெருவில் அவருக்குக் கணு சார் என்றே பெயர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் கட்டிங் செக்ஷன். தோலை விரித்து, டைக்கும் டைக்கும் நடுவே விரல் நுழையாமல் அடுக்கி வெட்டிய கை. சதுர அடிக்குக் கணக்குச் சொல்லியே தலை நரைத்தவர். "தோல்ல சந்து உட்டா கம்பெனிக்கு நஷ்டம், மண்ல சந்து உட்டா அருகுக்கு லாபம்" என்பார். ரிட்டயர் ஆனதும் மேசை போய்ப் பாத்தி வந்தது, அவ்வளவுதான்.

அவர் சொல்வது சரியாக இருப்பதுதான் தொல்லையே. அருகு மண்ணுக்கு மேலே ஓர் ஓட்டம், கீழே ஓர் ஓட்டம் ஓடும். கொத்தினால் துண்டாகும், துண்டில் கணு மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும். கல்யாணத்தில் 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறவர்கள் ஒருநாளாவது களை எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் அதற்கு நிழல் ஆகாது. பூச்செடியின் காலடியில் தரையோடு படரும் எதையாவது நட்டு வெயிலை மறைத்துவிட்டால் அருகு சோர்ந்துபோகும். "கன்னியாகுமரியில ரப்பர் தோட்டத்தப் பாருங்க. மரத்துக்கு நடுவுல பியூரேரியா கொடிய ஓட உட்டுருப்பான். களையும் வராது, மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆச்சு."

முறையும் வைத்திருக்கிறார். முதலில் புல்லை வேரோடு எடுக்க வேண்டும். இங்கே ஏமாற்றினால் கொடிக்கு நடுவே அருகு ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிரிக்க முடியாது. பிறகு மண்ணை நனைத்து, ஷூ அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஓரத்தின்மேல் ஓரம் ஏறும்படி இரண்டு அடுக்கு. அதன்மேல் எரு கலந்த மண். துளை போட்டு அரை அடிக்கு ஒரு கணு. அட்டை மக்குவதற்குள் கொடி கூடிவிட வேண்டும். இந்தப் பக்கம் அட்டைக்கென்ன பஞ்சம்? அவர் பாத்திக்கடியில் வெள்ளைக்காரன் கால் சைஸ் 42 எத்தனை புதைந்திருக்கிறதென்று கரையானுக்குத்தான் தெரியும்.

கோரையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். கிழங்கிலிருந்து ஊசிபோல எழும்பி அட்டையையே துளைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஜாதி அது. "அது வேற டிபார்ட்மென்ட் சார்."

முதலில் டேபிள் ரோஸ் வைத்தார். வெயில் ஏறியதும் தெருவே நின்று பார்த்தது. தண்டுகளின் இடுக்கில் அருகும் தலைநீட்டிப் பார்த்தது. வல்லாரை சித்திரை வெயிலில் ஒரு வாரம் மரியாதைக்கு இருந்துவிட்டுக் காய்ந்தது. பொடுதலை நன்றாகத்தான் வந்தது. மிதித்தாலும் கோபிக்காது, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சலாம். என்னைக் கேட்டால் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு வேகம் போதவில்லை.

பிறகு வந்தது மஞ்சள் பூக் கொடி. "மஞ்சள் கரிசலாங்கண்ணி சார், முடிக்கு நல்லது." அது இல்லை. நர்சரியில் வெடேலியா என்று விற்பது. கரிசலாங்கண்ணிக்குப் பங்காளிதான், ஆனால் மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பங்காளி. உலகத்திலேயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. அதை எடுத்துச் சொன்னேன்.

"நூத்துல ஒண்ணா?" முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, இன்னா ஃபோர்ஸு!"

அருகு ஒழிந்தது, பொய் சொல்லக்கூடாது. கூடவே தண்ணீர்க் குழாய், துளசி மாடத்தின் கீழ்ப்படி, அவர் வீட்டம்மா ஆசையாக வைத்த கனகாம்பரம் எல்லாம் உள்ளே போயின. "பூவுக்குக் காவல் வெச்சீங்க. காவக்காரன் கீறான், பூ எங்க?" என்று அந்தம்மா கேட்டது எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டது.

"மஞ்சளா பூக்குதே, அது பூ இல்லியா?"

வாரம் ஒருமுறை வெட்டுகிறார். வெட்டியதை எறிய மனம் வராது. துண்டுத்தோலைக்கூடக் கணக்கில் எழுதியவர். அதனால்தான் அந்த ஈரக் காகிதம். "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று நானும் இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

போன விநாயகர் சதுர்த்திக்கு விடிந்தும் விடியாமலும் கேட்டில் நின்றார். கையில் காகிதம் இல்லை. குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சார்... உங்க பாத்தியில அருகு கீதா? சாமிக்கு. பஜார்ல போயி காசு குடுத்தா புல்லு வாங்குவாங்கன்னு வீட்ல சத்தம்."

பாத்தியைக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து, நுனியாகப் பார்த்து, இருபத்தொன்று எண்ணிக் கிள்ளினார். "ஜோரா வளர்த்துக்கீறீங்க சார்" என்று வாய்நிறையச் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் ஊற்றும்போதுதான் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கட்டைவிரலால் மண்ணை அமுக்கிய தடம். நடுவில் இரண்டு இலை.