அப்பாவின் அம்பாசடர்

கேள்வி: அப்பாவின் 1978 மாடல் அம்பாசடர் மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்றது. இப்போது செல்ஃப் எடுத்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது. ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் அவர் கையிலிருக்கும் ஸ்பேனரை வாங்கி வையுங்கள்! தலைவலிக்கு யாராவது மண்டையைத் திறப்பார்களா?

செல்ஃப் நன்றாகச் சுற்றினால் பேட்டரி தேவலை. இனி பார்க்க வேண்டியவை கரண்டும் பெட்ரோலும்தான். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரிலேயே மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து இன்ஜினின் இரும்பில் வையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் வாடையே இருக்கக் கூடாது. ஒருவரைச் செல்ஃப் எடுக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் கரண்ட் சரி. மங்கிய மஞ்சளாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மழை ஈரத்தில் சி.பி. பாயின்ட் கறுத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கும்படி வையுங்கள். மூடியின் உள்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள்.

பொறி சரியாக இருந்தால் குற்றவாளி பெட்ரோல். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கார்புரேட்டர் காய்ந்து, பிசின் படிந்திருக்கும். கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இருப்பதைக் காப்பாற்றுங்கள், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து ஓட்டுங்கள்.