வரி மலேசியாக்காரனுக்காம், எண்ணெய் வாங்குறது நீயாம்!

ஏ மருமவனே, கரண்டியை வச்சிட்டு இங்கன வா. வடை கருகினா கருகட்டும். நேத்து பெஞ்சுல உக்காந்து பெரிய பேச்சுப் பேசினியே, "வெளிநாட்டுச் சரக்குக்கு வரியைத் தீட்டணும் மாமா, அப்பத்தான் அவனுவளுக்குப் புத்தி வரும்"னு. நானும் கை தட்டினேன். ஒரு கையில டீக்கிளாஸ் இருந்ததால உனக்குக் கேட்டிருக்காது.

உன் சட்டியில கொதிக்கிறது எந்த ஊரு எண்ணெய்னு என்னைக்காவது பாத்தியா? பாமாயில்னா இந்தோனேசியா, மலேசியா. சூரியகாந்தின்னா ரஷ்யா, உக்ரைன். சோயான்னா அர்ஜென்டினா, பிரேசில். நாடு தின்னுற எண்ணெயில பாதிக்கு மேல கப்பல்லதான் வருது. உளுந்துலயும் ஒரு பங்கு பர்மாக்காரன் அனுப்புறான். ஆக, உன் வடையில சுத்த சுதேசி எதுன்னா நடுவுல இருக்க ஓட்டைதான்.

2024 செப்டம்பர் 14-லேருந்து டெல்லியில எண்ணெய் வரியை ஏத்துனாங்க. காரணம் நியாயந்தான். சோயாவுக்குக் குவிண்டால் 4,892 ரூபா ஆதார விலைன்னு சொல்லியும், மத்தியப் பிரதேசத்துச் சம்சாரிக்கு மண்டியில அது கிடைக்கல. நானும் வெதச்சு நஷ்டப்பட்டவன், அவன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனா வரி ஏறின பிறகும் அவன் சோயா அந்த 4,892-க்குக் கீழேயேதான் பல மாசம் கெடந்துச்சு. ஏறினது எதுன்னு உன் டின்னைக் கேளு.

அப்பத்திய கணக்கைச் சொல்லுதேன், விரலை மடக்கு. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு அடிப்படை வரி 20 சதவீதம். விவசாயத்துக்குன்னு செஸ் 5. ரெண்டையும் கூட்டி, அதுல பத்துல ஒரு பங்கு சமூக நலத்துக்குன்னு கூடுதல் வரி. மொத்தம் 27.5. முன்னால வெறும் 5.5 தான். 100 ரூபா எண்ணெய் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே 127 ரூபா 50 காசு. அதுக்கும் மேல ஜிஎஸ்டி 5. வரிக்கும் சேத்து வரி, மருமவனே! மலேசியாக்காரன் இதுல ஒத்த ரூபா கட்டல. சரக்கை இறக்குற வியாபாரி கட்டுதான், உன்கிட்ட வாங்கிக்கிடுதான். நீ வடை தின்னுறவன்கிட்ட வாங்கிக்கிடுதே. தின்னுறவன் யாருகிட்ட வாங்க? வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்குதான்.

இதுல இன்னொரு கூத்து. ரேஷன் கடையில பாமாயில் லிட்டர் 25 ரூபா. ஒரு சர்க்கார் வரி போட்டு விலையை ஏத்துது. இன்னொரு சர்க்கார் ஏறின விலைக்கு வாங்கி, நமக்கு இறக்கிக் குடுக்குது. ரெண்டு பேருக்கும் பணம் எங்கேருந்து வருதுன்னு கேட்டா, "பேசாம வரிசையில நில்லுங்க தாத்தா"ங்கான்.

உடனே எல்லா வரியும் அநியாயம்னு குதிக்காதே. உன் மாமனார் ஊர்ல தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளைகளைப் பாரு. ஒரு ரூபாத் தீப்பெட்டி ரெண்டு ரூபா ஆகுறதுக்கு 14 வருசம் ஆச்சு, 2021 டிசம்பர்லதான் ஆச்சு. அதுக்குள்ள சீனாக்கார லைட்டர் வந்து குந்திக்கிட்டான். 2023 ஜூன்ல 20 ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர் வரக்கூடாதுன்னே தடை போட்டாங்க. அதை நான் ஒத்துக்கிடுவேன். லைட்டர் இல்லாம எந்த வீட்டுலயும் ஒல கொதிக்காம இருக்கல. எண்ணெய் அப்படியா?

2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் போட்டப்போ "திருப்பூர் என்னத்துக்கு ஆகும்"னு துள்ளினியே, சரியாத்தான் துள்ளினே. அமெரிக்காவுலயும் உன்னை மாதிரி ஒருத்தன், "வரியைத் தீட்டு, அவனுவளுக்குப் புத்தி வரும்"னு பெஞ்சுல உக்காந்து பேசியிருப்பான். பனியன் வாங்கப் போகையில தெரிஞ்சிருக்கும்.

இப்ப உன் கதைக்கு வாரேன். 2024-ல வரி ஏறினப்போ, பழைய வரியில வந்த சரக்கு தீருற வரைக்கும் விலையை ஏத்தாதீங்கன்னு சர்க்காரே கம்பெனிக்காரங்களைக் கேட்டுக்கிட்டாங்க. நீ அன்னிக்குச் சாயங்காலமே பலகையில வடை விலை 10-ஐ அழிச்சு 12-ன்னு எழுதினே. அப்ப உன் கடையில பழைய விலைக்கு வாங்கின டின்னு ரெண்டு மூடி திறக்காம இருந்துச்சு. நான் அதுமேலதான் உக்காந்திருந்தேன். அப்புறம் 2025 மே கடைசியில அந்த 27.5-ஐ 16.5-ஆக் குறைச்சாங்க. அந்தச் சேதி மட்டும் உன் காதுல விழல. பேப்பர்ல வந்துச்சு, அந்தப் பேப்பர்லதான் நீ வடையை மடிச்சுக் குடுத்தே.

சரி, முழிக்காதே. நாளையிலேருந்து மூணு காரியம் செய். வரி ஏறுதுன்னா யாரு கட்டுறதுன்னு கேட்டுட்டுக் கை தட்டு. காய்ச்சின எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சி வரியைச் சமாளிக்காதே, ஊர்க்காரன் வயிறு உன் சுங்கச்சாவடி இல்ல. அந்தப் பலகையை ஈரத்துணியால தொடச்சு, 11-ன்னாவது எழுது. எழுதிட்டு எனக்கு ரெண்டு வடை எடுத்துட்டு வா, பழைய விலைக்கு.