அபிப்பிராயஸ்தர்

நிலபுலன் உள்ளவர்கள் பூஸ்திதியினாலும், வியாபாரிகள் கொடுக்கல் வாங்கலினாலும், படித்தவர்கள் உத்தியோகத்தினாலும் ஊரில் கௌரவம் பெறுவது உலக வழக்கமாயிருக்க, இவற்றில் எதுவுமே சொல்லிக்கொள்ளும்படி வாய்க்காத ஒருவர், அவர்கள் அத்தனை பேரையும்விட அதிகக் கம்பீரத்துடன் டீக்கடைப் பெஞ்சியின் கிழக்கு ஓரத்தைத் தமது சொந்த ஆசனம்போல ஆக்கிரமித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் சிக்கலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. அவருடைய ஆஸ்தி முழுவதும் அபிப்பிராயங்கள். அதற்குத் தீர்வை கிடையாது. கோர்ட்டு ஜப்தி செய்ய முடியாது. நாள்தோறும் வாரி வழங்கினாலும் ஒரு குன்றிமணி குறையாது.

சிக்கல் என்றதும் நாகப்பட்டினத்துக்கு அருகே சிங்காரவேலர் கோயில் கொண்டிருக்கும் சிக்கலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ராமநாதபுரம் ஜில்லா, கடலாடித் தாலுகாவைச் சேர்ந்த சிக்கல். சீமைக் கருவேலமும் பனையும் செழித்து, மற்றதெல்லாம் மழையின் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பூமி. இரண்டு ஊர்களையும் ஒன்றாக்கி, "சூரசம்ஹாரத்துக்குக் கூட்டம் எப்படி?" என்று அவரிடம் கேட்டுவிட்ட வெளியூர் ஆசாமி, அன்று தமது பஸ்ஸைத் தவறவிடுவது நிச்சயம்.

அவருடைய அபிப்பிராயங்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. விஷயம் எவ்வளவுக்கெவ்வளவு தொலைவில் நடக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அவர் அதில் திடசித்தராக இருப்பார். வாஷிங்டன், மாஸ்கோ சம்பந்தப்பட்ட காரியங்களில் அவருக்குச் சந்தேகம் என்பதே எழுந்ததில்லை. டெல்லி விஷயத்தில் ஏறக்குறைய நிச்சயம், சென்னை என்றால் "பார்ப்போம்" என்ற சொல் இடையிடையே தலைகாட்டும், கலெக்டர் ஆபீஸ் என்றால் குரல் இறங்கும், பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சு வந்துவிட்டாலோ, "நமக்கெதுக்குய்யா வம்பு? எல்லாருமே நம்ம புள்ளைகதான்" என்று சொல்லிவிட்டு, பாய்லரில் கொதிக்கும் பாலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பஞ்சாயத்துக்கு நிற்பவரின் மைத்துனர் எதிர்ப் பெஞ்சியில் இருக்கலாம் அல்லவா? அமெரிக்க ஜனாதிபதியின் மைத்துனர் எக்காலத்திலும் அந்தப் பெஞ்சிக்கு வரப் போவதில்லை.

கச்சத்தீவை எடுத்துக்கொள்வோம். அதன் விஸ்தீரணம் 285 ஏக்கர் என்பதும், 1974 ஜூன் மாதத்து ஒப்பந்தத்தால் அது இலங்கையைச் சேர்ந்தது என்பதும், 1976-இல் வேறோர் ஒப்பந்தம் கடல் எல்லையை மேலும் வரையறுத்தது என்பதும் அவருக்கு மனப்பாடம். அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவைப் பற்றியும், எல்லை தாண்டியதாகப் பிடிபடும் படகுகளைப் பற்றியும் ஒரு மணி நேரம் உருக்கமாகப் பேசுவார். அதில் நியாயமும் இருக்கும். ஆனால் அவருடைய பூர்வீக வீட்டுமனையில், தம்பி வேலிக்கல்லை நகர்த்தி எத்தனையோ வருஷங்களாகியும், அந்த மனை மொத்தம் எத்தனை சென்ட் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. சர்வே நம்பரைக் கேட்டால், "அது பட்டாவுல கெடக்கும்" என்பார். பட்டா யாரிடம் இருக்கிறது? தம்பியிடம்.

யுத்த விஷயத்தில் அவருடைய தீர்க்கதரிசனம் பிரசித்தமானது. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யச் சேனை உக்ரேனுக்குள் நுழைந்த செய்தி வந்ததும், "மூணே நாள், நாலாவது நாள் எல்லாம் முடிஞ்சிரும்" என்று தீர்ப்பளித்துவிட்டு டீயைக் குடித்தார். நாலாவது நாளும் வந்தது. நாலாவது மாதமும் வந்தது. வருஷங்களும் வந்து போயின. இளவட்டம் ஒருவன் இதை அவருக்கு நினைவூட்டியபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் என்ன நம்ம கணக்குலயா மூணு நாள்னேன்? பிரம்மாவுக்கு ஒரு நாள்னா எத்தனை வருசம்டா?" என்று திருப்பிக் கேட்டு, அவனைப் பஞ்சாங்கம் பார்க்க அனுப்பிவிட்டார்.

சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைப்பதாக அறிவித்த 2025 ஏப்ரல் மாதத்தில் அவருடைய கலை உச்சத்தை எட்டியது. 1960-இல் உலக வங்கியின் மத்தியஸ்தத்தில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய மூன்றும் நமக்கு, சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் அவர்களுக்கு என்று, ஆறு டீத் தம்ளர்களைப் பெஞ்சியின்மேல் வரிசையாக வைத்துப் பாகப்பிரிவினை நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, எங்கள் பக்கத்தில் தண்ணீர் எடுப்பதற்கென்றே பட்டறையில் செய்து விற்கும் இரும்புத் தள்ளுவண்டியில் எட்டுப் பிளாஸ்டிக் குடங்களை நிறுத்தி, மணலில் புதைந்த சக்கரத்தை முழங்காலால் முட்டித் தள்ளியபடியே அவருடைய சகதர்மிணி வந்து சேர்ந்தார்.

"ஏங்க, அந்த ஆறு ஆத்துல ஒண்ணு நம்ம தெருக் கொழாய்க்கு வருமான்னு கேட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வண்டியக் கொஞ்சம் பிடிங்க."

அவர் எழுந்து வண்டியைப் பிடித்தார் என்பதைச் சரித்திரத்தின் பொருட்டுப் பதிவு செய்ய வேண்டும். பத்தடி போனதும், அச்சாணியை எந்த இடத்தில் வைத்திருந்தால் பாரம் தெரியாது என்பதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் காற்றில் மிதந்து வந்ததையும் பதிவு செய்யாமல் விடுவது நேர்மையாகாது.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் ஆதியிலிருந்தே எதிர்க்கட்சி. பாங்கியில் அது நுழைந்தபோது, குமாஸ்தாக்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்றார். டீக்கடையில் யூபிஐ வந்து, பணம் சேர்ந்ததை ஒரு சின்னப் பெட்டி பெண் குரலில் உரக்க அறிவிக்கத் தொடங்கியபோது, அதில் அவர் கண்ட ஆட்சேபணை மெய்யாகவே நுட்பமானது: "காசு குடுத்தவன அது சத்தம்போட்டுச் சொல்லுது; அப்ப, சத்தம் வராம எந்திரிச்சுப் போறவன் கடன்காரன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகுமா இல்லையா?" தமது கணக்குப் பழைய நோட்டிலேயே நீடிக்க வேண்டும் என்று மாஸ்டரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, இனி வக்கீலும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம் என்று சில காலம் அதற்குச் சாதகமாகவே இருந்தார். பிறகு ஒரு நாள் மாஸ்டரின் மகனை விட்டு, "சிக்கலைப் பற்றிச் சொல்" என்று அதனிடம் கேட்கச் சொன்னார். அது சிங்காரவேலரையும் வெண்ணெய்ப் பிரானையும் பக்தியோடு வர்ணித்தது. "ஊரே தெரியல, இது உலகத்த ஆளப் போகுதாக்கும்!" என்று அன்றே அதைத் தள்ளிவைத்துவிட்டார். ஆனால் கேஸ் புக் செய்கிற நம்பர் போனுக்கு வந்ததும், கண்ணாடி கொண்டு வரவில்லை என்ற காரணத்தோடு அதே பையனிடம்தான் இன்றைக்கும் நீட்டுகிறார்.

யாத்திரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் அதிகம் போவதில்லை. ஆயினும் பாம்பன் புதிய ரயில் பாலத்தைப் பற்றி அவரிடம் கேட்காதவர்கள் துர்ப்பாக்கியசாலிகள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் 2022 டிசம்பரோடு நின்றதும், 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதியது திறக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட்ட விதத்தை, இரண்டு முழங்கைகளையும் மேஜைமேல் ஊன்றிக் கைகளை மெல்ல மேலே விரித்துக் காட்டுவார், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நெட்டுக்குத்தாகப் 17 மீட்டர் உயர்வதை, டீத் தம்ளரை ஒரு துளி சிந்தாமல் தூக்கிக் காட்டுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் பாலத்தின்மேல் ரயிலில் போயிருக்கிறாரா என்று கேட்டபோது, "ராமநாதபுரம் போயி ரயில் ஏறணும்ல, அதுக்குப் பஸ்சே தேவல" என்றார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு யுத்தத்தைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொல்வதில்லை. 1990 ஆகஸ்டு 2-ஆம் தேதி இராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அவர் அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர். அந்த வருஷம், லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களைப் பெரும்பாலும் ஜோர்டானின் தலைநகரான அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஏற்றிவந்தன. அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். சதாமின் நோக்கம் என்ன, எண்ணெயா, எல்லைத் தகராறா என்று எத்தனையோ முறை அவரைக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். "பஸ்சுல பாக்தாத் போனோம். அங்கிருந்து அம்மான். கூடாரத்துல தண்ணிக்கு வரிசை. வந்துட்டோம்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை தேறியதில்லை. கண்ணால் பார்த்தவரிடம் கதை கேட்க ஆசையோடு உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றந்தான்.

2025 ஜூன் மாதம் ஈரானும் இஸ்ரேலும் மோதிக்கொண்டு, கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஏவுகணைகள் பறந்த மறுநாள், பெஞ்சி நிரம்பி வழிந்தது. ஹார்முஸ் ஜலசந்தி மூடப்படுமா என்று அவர் ஒரு பெரிய வாக்கியத்தைத் தொடங்கியிருந்தார். அப்போது, அண்ணன் தோஹாவில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டான்:

"மாமா, அம்மா அழுதுக்கிட்டே இருக்காக. அண்ணன வரச் சொல்லவா?"

அவர் தொடங்கிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"வர வேணாம். பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட இருந்தா இன்னைக்கே கேட்டு வாங்கிக் கையில வச்சுக்கச் சொல்லு. தண்ணிக் கேன் ரெண்டு, ரொட்டி, கையில கொஞ்சம் ரொக்கம். எம்பசி நம்பர காயிதத்துல எழுதி வைக்கணும், போன நம்பக் கூடாது. ஒங்கம்மாவ டிவிய அமத்தச் சொல்லு."

பையன் போய்விட்டான். இவ்வளவு சுருக்கமாக ஓர் அபிப்பிராயத்தை அவரிடமிருந்து கேட்டுப் பழகாத சபை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எதிர்ப் பெஞ்சிக்காரர், "அப்ப அமெரிக்கா சும்மா இருக்குங்கிறீகளா?" என்று ஒரு தூண்டில் போட்டார். "சும்மாவா? மூணே நாள் பாருங்க..." என்று அவர் நிமிர்ந்து உட்கார, மாஸ்டர் கேட்காமலே இரண்டாவது டீயை ஆற்றி, எதிர்ப் பெஞ்சிக்காரர் கணக்கில் எழுதினார்.