பேர் வெட்டிய பாத்திரங்கள்

குடியிருப்போர் இரண்டு பேர் என்று எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. ஹவுஸ் ஓனரும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார். உண்மையில் மடிப்பாக்கத்து அந்த இரண்டாம் மாடி வீட்டில் 41 பேர் இருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழிக்கும்போது நானும் என் மனைவியும் எண்ணிப் பார்த்தோம். எங்களைத் தவிர மற்ற 39 பேரும் எவர்சில்வரில் இருக்கிறார்கள்.

பாத்திரத்தில் பேர் வெட்டும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரர்கள் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்திருக்காது. அந்தக் காலத்தில் உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். இப்போது மிஷின் கரகரவென்று நொடியில் முடித்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பெரிய அடுக்கில் என் ஆச்சி இருக்கிறாள், 1968 என்று வருஷத்தோடு. தூக்குவாளியில் ஒரு சித்தி, அதன் மூடியில் இன்னொரு சித்தி. இரண்டு சித்திகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மூடியும் அந்த வாளியில் உட்காருவதில்லை. காபி டம்ளர்களில் இருப்பவர் என் மனைவியுடைய பெரிய மாமா. ‘அன்பளிப்பு’ என்று வெட்டச் சொன்னதில் இடம் போதாமல் ‘அன்பளி’ ஒரு பக்கமும் ‘ப்பு’ மறுபக்கமும் போய்விட்டன. ஆறு டம்ளரிலும் அப்படித்தான்.

அவள் பெரியம்மா கொடுத்த அடுக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய சரிகைப் பட்டைப் போட்டால் எவர்சில்வர் பாத்திரம் தருகிறோம் என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களிடம் தன் கல்யாணப் புடவையையே போட்டு வாங்கியதாம். பெரியப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும்.

ஒரே ஒரு மர்மம், குழிக்கரண்டியில் இருக்கும் ‘ஆர்.கே.’ இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இல்லை. ஏதோ ஒரு கல்யாணச் சமையல்கட்டில் கைமாறி வந்திருக்க வேண்டும். எங்கோ அந்த ஆர்.கே. தன் கரண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நாங்கள் தினமும் அதில்தான் சாம்பார் ஊற்றிக்கொள்கிறோம்.

எனக்கு ஊர் திருநெல்வேலி. அவளுக்குக் கும்பகோணம். கல்யாணம் தை மாதம் நடந்தது. மாசியில் வீடு பார்த்தோம். அட்வான்ஸ் பேசும்போது நான் கொஞ்சம் சட்டம் பேசிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஓனர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இரண்டு பேரும் ஒத்துக்கிட்டா கூட வாங்கலாம்னும் அதுல இருக்கே தம்பி. நீங்க ஒத்துக்குங்க, நான் ஏற்கெனவே ஒத்துக்கிட்டேன்” என்றார். அவரும் சட்டம் படித்திருந்தார்.

பால் காய்ச்சுகிற அன்று இரண்டு அம்மாக்களும் வந்திருந்தார்கள். எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுவது என்பது வரை எல்லாம் சுமுகமாகப் போனது. என் அம்மா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஆச்சியின் சருவத்தை எடுத்தாள். அதே நேரத்தில் என் மாமியார் சாக்கைப் பிரித்துப் புதுப் பித்தளைப் பானையை எடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “உங்களதுலயே வைங்க, அண்ணி.” “அதெப்படி, உங்களதுலதான் வைக்கணும்.” இப்படி மரியாதை முற்றிக்கொண்டே போய், ராகுகாலத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, அடுப்பில் இரண்டு பர்னர் இருப்பதை என் மாமனார் கண்டுபிடித்தார். அவர் விவசாயி. ஒரே வாய்க்காலில் இரண்டு வயலுக்குப் பங்கு பிரித்துப் பழக்கம் உள்ளவர்.

கும்பகோணத்துப் பால் முதலில் பொங்கியது. என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி, ஊருக்குக் கிளம்பும்போது, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏல, அது பெரிய பர்னரு” என்றாள்.

இரண்டு அம்மாக்களும் போன பிறகு மொழிப் பிரச்சினை தொடங்கியது. என் அம்மா போனில், “ஏனம் கழுவியாச்சா?” என்று கேட்டால் அவள் ஸ்பீக்கரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். பாத்திரம் என்று நான் வாயசைப்பேன். “ஆச்சு அத்தை, தேய்ச்சுக் கவுத்துட்டேன்” என்பாள். தேய்த்தது நான். அதை எந்த ஊர்த் தமிழிலும் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இன்னொரு சிக்கல் ‘அத்தை’. அவள் என் அம்மாவை அத்தை என்கிறாள், நான் அவள் அம்மாவை அத்தை என்கிறேன். “அத்தை போன் பண்ணாங்க” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் திகைத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை அத்தைக்கு முட்டிவலி என்று கேட்டு நான் அரைமணி நேரம் கும்பகோணத்தை நலம் விசாரித்தேன். வலித்த முட்டி திருநெல்வேலியில் இருந்தது. வலியே இல்லாத மாமியாருக்கு அன்று முதல் என் மேல் தனிப் பாசம்.

அப்புறம் நீ, நீங்க. வீட்டில் நான் ‘நீ’தான். பெரியவர்கள் முன்னால் ‘நீங்க’. வீடியோ காலில் கேமரா என் அம்மா பக்கம் திரும்பினால் ‘நீங்க’ வரும், சமையலறைப் பக்கம் திரும்பினால் ‘நீ’ வரும். ஒருநாள் கேமரா பாதி திரும்பியிருந்தபோது, “நீ குக்கரை நிறுத்துங்க” என்று வந்தது. எங்கள் வீட்டில் இப்போது மரியாதைக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கும் அந்த வாக்கியம்தான் நிரந்தரமாகிவிட்டது.

எதிர் வீட்டு மாமி விஷயத்தையும் சொல்ல வேண்டும். குடிவந்த இரண்டாம் நாளே ஒரு சம்படத்தில் சுண்டல் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பு. அதற்கடுத்த வாரம் மாவடு. எல்லாவற்றிலும் அவர் பேர் வெட்டியிருந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக் கூடாது என்று இரண்டு ஊரிலும் ஒருமித்த கருத்து. எங்கள் இரண்டு வீட்டாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்பதால் மீற முடியவில்லை. ஆனால் அவளுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். சமைப்பதே எங்கள் இரண்டு வயிற்றுக்குப் போதாது, இதில் எங்கே போய் நிரப்புவது? சித்திரை முடிவதற்குள் மாமியின் பாத்திரங்கள் எங்கள் அலமாரியில் ஏழு சேர்ந்துவிட்டன. படிக்கட்டில் மாமி வருவது தெரிந்தால், கடன்காரனைக் கண்டதுபோல் நான் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன்.

இத்தனை பேர் வெட்டிய கூட்டத்தில் பேரில்லாத ஒரே பாத்திரம், அவள் பாட்டி கொடுத்த ஈயச்செம்பு. கும்பகோணத்து ரசம் அதில் வைத்தால்தான் ரசம், மற்றதெல்லாம் புளித்தண்ணி என்பது அவர்கள் வீட்டு வேதம். ஈயம் என்றால் காரீயம் இல்லை, வெள்ளீயம். பேர் இல்லாவிட்டாலும் விளிம்பில் இருந்த ஒரு சொட்டையை வைத்துப் பாட்டிக்கு அது அடையாளம்.

ஆனி மாதத்தில் ஒருநாள் எனக்கு நல்ல புத்தி வந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! தோசைக்கல்லை முதலில் காயவைக்கிறோம் அல்லவா, அதே நியாயப்படி செம்பை அடுப்பில் வைத்துப் பெரிய பர்னரைத் திறந்துவிட்டு, திரும்பி நின்று புளி கரைத்தேன். புளி கரைப்பதில் நான் கொஞ்சம் நிதானம்.

திரும்பிப் பார்த்தபோது செம்பு முட்டி மடங்கி உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளிபோலப் பளபளவென்று ஒழுகி, பர்னரின் ஓட்டைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை சூடு 100 டிகிரியோடு நின்றுவிடும், செம்புக்கு ஒன்றும் ஆகாது. வெறுமனே வைத்தால் அடுப்புத் தீக்கு அது மெழுகுவர்த்தி. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு வாடை வந்துவிட்டது. சமையலறைக்குள் வந்து அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த புளிக்கரைசலைப் பார்த்தாள். திட்டவில்லை. “நீங்க போய் உட்காருங்க” என்றாள். வீட்டில் யாரும் இல்லை, கேமராவும் இல்லை, ‘நீங்க’ வந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

செய்தி காலை எட்டு மணிக்குள் இரண்டு மாவட்டங்களுக்கும் பரவிவிட்டது. என் அம்மா, “ஆம்பளப் பிள்ளைய அடுக்களைக்குள்ள விடலாமா?” என்று தொடங்கி, பாதியில் மனசு மாறி, “மண்சட்டில வச்சா உருகுமாலே?” என்று எங்கள் ஊர்ப் பக்கம் பேசினாள். மாமியார், “பரவால்ல மாப்பிள்ளை, கையில கொட்டிக்கலையே” என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை குரல் கொஞ்சம் ஏமாற்றமாகத் தெரிந்தது எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை. கடைசியில் பாட்டி போனை வாங்கினார். நீண்ட மௌனம். பிறகு, “ரசம் நல்லா இருந்துச்சா, மாப்பிள்ளை?” என்றார்.

அடுத்த வாரமே ஆடி பிறந்தது. முறைப்படி வந்து பெண்ணை அழைத்துப் போனார்கள். முறைப்படிதான். ஆனால் ஓனர் வீட்டம்மா கீழே நின்று பெட்டியையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, “செம்புக்காகவா?” என்று கேட்டார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்னும் துப்பு கிடைக்கவில்லை. மாடிப்படி முழுக்கக் காது.

ஆடிப் பதினெட்டுக்கு எனக்கு விருந்து அழைப்பு வந்தது. பர்னரிலிருந்து ஆணியால் நோண்டி எடுத்த ஈயத்தையும் மிச்சச் செம்பையும் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு கும்பகோணம் போனேன். மாமனார் வாசலிலேயே, “வாங்க மாப்பிள்ளை, வழியில ஆத்துல தண்ணி எப்படிப் போவுது?” என்றார். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதால், அந்த வீட்டில் ஜூன் தொடங்கினாலே விருந்தாளியின் சௌக்கியம் இரண்டாவது கேள்விதான். காவிரியில் தண்ணீர் போனது. படித்துறையில் கூட்டம். அவளுக்கு மஞ்சள் கயிறு மாற்றினார்கள். சித்ரான்னம் சாப்பிட்டோம். பாட்டி என் பையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் நானும் அவளும் கடைத்தெருவுக்குப் போனோம். பாத்திரக் கடைக்காரர் என் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “புது மாப்பிள்ளையா?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பழைய ஈயத்தை எடை போட்டுக் கழித்துக்கொண்டு, மேலே பணம் வாங்கிக்கொண்டு, புதுச் செம்பு கொடுத்தார். எதிர் வீட்டு மாமிக்காக ஒரு எவர்சில்வர் தூக்கும் வாங்கினோம். ஏழு பாத்திரத்துக்கும் சேர்த்து ஒரே தவணையாக நிறையக் கைமுறுக்கு போட்டுக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு.

“தூக்குல என்ன பேர் வெட்டணும்?” என்றார்.

அவள் தன் பேரைச் சொன்னாள்.

“இனிஷியல்?”

அங்கேதான் நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் ‘வ’, பின்னால் ‘மு’. ஆதாரில் ‘வ’, கல்யாணப் பத்திரிகையில் ‘வ’, என் அம்மா போனில் பதிந்து வைத்திருப்பது ‘மு’. அவளுக்கு ‘வ’வை விட மனசில்லை. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் என் ஊரில் அந்தத் தூக்கு போய் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இனிஷியலே இல்லாமல் வெட்டலாம் என்றேன். “அப்பன் பேர் தெரியாத தூக்குன்னு சொல்லுவாங்க” என்றாள். கடைக்காரர் மிஷினை அணைத்துவிட்டு டீ சொன்னார். அவருக்கு இது தினசரி வழக்காக இருக்க வேண்டும்.

டீ வருவதற்குள் அவளுக்கு வேறு யோசனை வந்துவிட்டது. தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, “பேர் வேண்டாம். இந்தச் செம்புல ரெண்டு வார்த்தை வெட்டித் தாங்க” என்றாள்.

“ஈயத்துல வெட்டுறதில்லைம்மா. மெத்துன்னு இருக்கும், மிஷினை வச்சா ஓட்டை விழுந்துடும்.”

“கையால கீறுங்க.”

அவர் கூராணி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. எட்டு எழுத்து வந்தது. இரண்டு சொல்லிலும் புள்ளி வைத்த எழுத்துகள் இருந்ததால், மெய்யெழுத்துக்குப் பாதிக் காசு போதாதா என்று நான் இலக்கணப்படி பேரம் பேசிப் பார்த்தேன். படியவில்லை.

போன மாதம் என் அம்மா மடிப்பாக்கம் வந்திருந்தாள். சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். செம்பை எடுத்தாள். கண்ணாடி இல்லாததால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டினாள்.

“மு… தலில்… தண்ணீர்.” என் பக்கம் திரும்பினாள். “இது யாருலே? அவ வீட்டு ஆளா?”

“ஆமாம்மா” என்றேன். “மாப்பிள்ளை வகையில சொந்தம்.”