பனியன் வேஸ்ட்

1988இல் கடலோர அனல்மின் நிலையம் ஒன்றில் கமிஷனிங் இன்ஜினியராகச் சேர்ந்தபோது எனக்கு வாய்த்த கருவிகள் மூன்று: டார்ச், டயல் கேஜ், அண்ணாச்சி. அண்ணாச்சி எங்கள் ஃபோர்மேன். ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். "தம்பி, உள்ளே ஒருத்தன் பல்லைக் கடிக்கான்" என்பார். மோட்டாரை நிறுத்திவிடுவோம். அறிக்கை அவ்வளவுதான்.

இன்று அந்தக் காதின் இடத்தில் சென்சார். அதிர்வு வரம்பைத் தாண்டினால் கன்ட்ரோல் ரூம் திரை மஞ்சளாகிறது. பம்ப்பையும் மோட்டாரையும் நேர்கோட்டில் நிறுத்த அன்று அரைநாள் டயலைச் சுற்றிக்கொண்டிருப்போம். இப்போது லேசர் அரைமணியில் முடித்துவிடுகிறது. மிச்சமாகும் நேரத்தில் படிவம் நிரப்புகிறேன்.

புதுக் குழாயை மட்டும் அன்றும் இன்றும் எவரும் நம்புவதில்லை. பம்ப்பின் வாயில் கூம்பு வலை ஒன்றைத் தற்காலிகமாகச் செருகிவிட்டுத்தான் ஓட்டுவோம். என் முதல் ஓட்டத்தில் பத்தே நிமிடத்தில் உறிஞ்சும் பக்க முள் சரிந்தது. பம்ப் ஜல்லியை மெல்வதுபோல் இரைந்தது. வலையைக் கழற்றினோம். வெல்டிங் ராடு துண்டுகள், ஒற்றைக் கையுறை, நடுவில் ஒரு பந்து பனியன் வேஸ்ட், கை துடைக்கத் திருப்பூரிலிருந்து வரும் வெட்டுத் துணி. அண்ணாச்சி அதைப் பிழிந்து, அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டார். "திருப்பூர்க்காரன் வெளிய வந்துட்டான். இனி ஓட்டலாம்."

போன வருடம் வேறொரு ஆலை. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தாயிற்று. 'உள்ளே சுத்தம்' என்று 14 பேர் கையெழுத்தும் போட்டாயிற்று. பன்னிரண்டாவது நிமிடம் பம்ப் தானாகவே நின்றது. காது கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. வலையைக் கழற்றினால், பனியன் வேஸ்ட். காலம் மாறாமல் இல்லை: இந்தத் துண்டில் 'பாதுகாப்பே முதன்மை' என்ற அச்சு பாதி தெரிந்தது.

டேப்லெட் கேட்டது: அந்நியப் பொருள் எங்கிருந்து வந்தது? வடிவமைப்பு, தயாரிப்பு, போக்குவரத்து, மற்றவை. திருப்பூர் பட்டியலில் இல்லை. 'மற்றவை'யைத் தொட்டு, பதினைந்தாவது கையெழுத்தைப் போட்டேன்.

விரலெல்லாம் கிரீஸ். பழக்கதோஷத்தில் அந்தத் துணியை எடுக்கப் போனேன்.

"சார், தொடாதீங்க. அது எவிடன்ஸ்" என்று சேஃப்டி தம்பி அதைப் பைக்குள் போட்டு எண் எழுதினார்.

கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.