காயலான் கடைக் கல்வி

1939-ஆம் வருஷம் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், மர உருளைகளையும் மணிச் சரங்களையும் கொண்டு குழந்தைகளுக்குப் போதிக்கும் முறையை நம் ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். அவ்வுருளைகளின் இன்றைய விலையை விசாரித்தறிந்த ஒரு மயிலாப்பூர்த் தம்பதி, புளியங்கொட்டையும் சோடா மூடியும் கல்யாணப் பத்திரிகையின் பின்புறமும் இருக்கையில் பள்ளிக்கூடம் எதற்கென்று தம் புத்திரனுக்கு வீட்டிலேயே வித்யாரம்பம் செய்துவிட்டது மெத்தவும் சிலாக்கியமான காரியம். கணக்குப் பாடத்துக்கு முட்டை அட்டை அவசியமென்று தெரிந்ததும், சுத்த சைவமான அக்குடும்பம் 30 முட்டைகளை விலைக்கு வாங்கி, அட்டையை வைத்துக்கொண்டு முட்டைகளை அண்டை வீட்டாருக்குத் தானம் செய்தது. தியாகமில்லாமல் சிக்கனம் ஏது?

பூகோளத்துக்கு நடைபாதையில் வாங்கிய பழைய அட்லஸ். 1991-இல் கலைந்துபோன சோவியத் யூனியன் அதில் இன்னமும் க்ஷேமமாக இருப்பதால், 15 தலைநகரங்களை மனனம் செய்யவேண்டிய இடத்தில் மாஸ்கோ ஒன்றே போதும். பத்திரிகையின் பின்புறத்தில் எழுதி முன்புறத்தில் வாசித்த பிள்ளை, ‘அம்மா’ என்பதற்கு முன்பே ‘நிகழும் மங்களகரமான’ என்று தட்டுத்தடையின்றிப் படித்தது. பழைய பேப்பர்க்காரரிடம் பெற்ற நேர்முகப் பயிற்சியோ அபாரம்.

சென்ற வாரம், கூடத்தில் மாட்டியிருந்த தகப்பனாரின் எம்.ஏ. பட்டத்தை அண்ணாந்து நோக்கிய அந்த ஐந்து வயது மேதை, “சட்டத்துக்கு ஏதாவது தேறும், உள்ளே இருக்கிற காகிதம் எடைக்கு நிக்காதுப்பா” என்று அபிப்பிராயம் தெரிவித்திருக்கிறது.